அப்டேட் போட்ட மறுநாள்: காணாமல் போன வைஃபையும் விடாமல் கடவுச்சொல் கேட்கும் பெட்டிகளும்

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரப் போகும் நேரத்தில் சித்தி மகன் போன் செய்தான். “அண்ணா, லினக்ஸ்ல அப்டேட் போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணதும் வைஃபை போயிடுச்சு. ஏதோ பாஸ்வேர்டு கேக்குது. வைஃபை பாஸ்வேர்டைப் பத்து தடவை போட்டுட்டேன், எடுக்கவே மாட்டேங்குது.”

அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படிக்கச் சொன்னேன். உள்நுழைந்தபோது லாகின் கீரிங் (சேமித்த கடவுச்சொற்களின் பெட்டகம்) திறக்கப்படவில்லை என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் இருந்தது. அது கேட்டது வைஃபை கடவுச்சொல்லை இல்லை. அவன் கணினிக்குள் நுழையப் பயன்படுத்தும் கடவுச்சொல்லை. அதைப் போட்டதும் பெட்டி மறைந்தது, வைஃபையும் தானாக வந்துவிட்டது.

உண்மையில் அப்டேட் எதையும் கெடுக்கவில்லை. மூன்று வாரங்களுக்கு முன் அவனே “தானாக உள்நுழை” என்ற வசதியைப் போட்டு வைத்திருந்தான். அதன்பிறகு ஒருநாளும் கணினியை அணைக்கவில்லை. மூடியை மூடித் தூங்க வைப்பதோடு சரி. அப்டேட் ரீஸ்டார்ட் கேட்டபோதுதான், மூன்று வாரமாகக் காத்திருந்த மாற்றம் வேலைக்கு வந்தது. எனக்கு வரும் “அப்டேட்டால் கெட்டுப்போச்சு” அழைப்புகளில் பல இப்படித்தான் முடிகின்றன. மற்றவற்றில் அப்டேட்தான் குற்றவாளி. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபிறகு, பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் பக்கம் வந்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். உபுண்டுவும் லினக்ஸ் மின்டும்தான் எடுத்துக்காட்டு. டெபியன், ஃபெடோரா என்ற வேறு லினக்ஸ்களும், கேடிஇ என்ற டெஸ்க்டாப்பும் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் சன்னல்) போட வேண்டியவற்றைப் போனில் சொல்வது போல எழுத்துக்கூட்டித் தந்திருக்கிறேன். அவற்றை ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக அடியுங்கள்.

முதலில் இணையத்துக்கு ஒரு மாற்றுவழி

வைஃபை போனால் அதைச் சரிசெய்யத் தேவையான டிரைவரையும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) இறக்க முடியாது. கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுக்கக் கயிறும் கிணற்றுக்குள்ளேயே கிடக்கிற கதை. இதற்கு எளிய வழி உங்கள் ஆண்ட்ராய்டு போன். சார்ஜர் கேபிளால் போனை லேப்டாப்பில் இணையுங்கள். போனின் அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் “யுஎஸ்பி டெதரிங்” என்று ஒன்று இருக்கும், அதை இயக்குங்கள். சில நொடிகளில் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பொதுவாகத் தனி டிரைவர் தேவைப்படாது. பல போன்களில் மொபைல் டேட்டா செலவாகாமல், போன் பிடித்திருக்கும் வீட்டு வைஃபையையே லேப்டாப்புக்குக் கடத்தலாம்.

அந்த விருப்பம் மங்கலாகத் தெரிந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் மலிவான கேபிள்களில் தகவல் போகும் கம்பியே இருக்காது. ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையே லேன் கேபிள் போட முடிந்தால் இதெல்லாம் தேவையே இல்லை.

எந்தப் பூட்டு சாவி கேட்கிறது?

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் கடவுச்சொல் கேட்கும் பெட்டிகள் ஒன்றுபோலவே தோன்றினாலும் ஐந்து வெவ்வேறு பூட்டுகளிலிருந்து வருகின்றன. எதையும் அடிக்கும் முன் பெட்டியில் உள்ள வாக்கியத்தை முழுதாக ஒருமுறை படியுங்கள்.

வைஃபை கேட்கும் பெட்டியில் உங்கள் வைஃபையின் பெயர் கட்டாயம் இருக்கும். அதற்குரியது ரவுட்டரின் கடவுச்சொல். குறைந்தது 8 எழுத்து, அதிகபட்சம் 63. நீங்கள் மாற்றவில்லை என்றால் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்.

நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டி, மென்பொருள் நிறுவும்போதும், எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான அமைப்பை மாற்றும்போதும் வரும். அதற்கு உங்கள் உள்நுழைவுக் கடவுச்சொல். டெர்மினலில் நிர்வாகியாகச் செய் என்று பொருள்படும் சுடோ (எஸ்-யு-டி-ஓ) என்ற சொல்லோடு கட்டளையைத் தொடங்கினாலும் அதுவேதான் கேட்கப்படும். பல லினக்ஸ்களில் அங்கே நீங்கள் அடிப்பது திரையில் தெரியாது, புள்ளிகூட விழாது. கீபோர்டு கெட்டுப்போச்சு என்று நினைக்க வேண்டாம்; அடித்து முடித்து என்டரைத் தட்டுங்கள். மின்ட் போன்ற சில மட்டும் இரக்கப்பட்டு நட்சத்திரக் குறிகளைக் காட்டும்.

மூன்றாவது கீரிங், அதாவது சாவிக்கொத்து. பிரவுசர், மின்னஞ்சல் செயலி, சில சமயம் வைஃபை ஆகியவற்றின் கடவுச்சொற்களைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டகம் அது. சித்தி மகனிடம் கேட்டது இதுதான்.

நான்காவது, டெஸ்க்டாப் வரும் முன்பே நீலத் திரையில் தோன்றுவது. நம்பகமான மென்பொருளை மட்டும் ஏறவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. பின்னால் வருகிறேன்.

ஐந்தாவது, வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்து நிறுவியவர்களுக்கு மட்டும், கணினி எழும்போதே கேட்கும் வட்டுக் கடவுச்சொல். நிறுவிய அன்று நீங்கள் கொடுத்தது அது. உள்நுழைவுக் கடவுச்சொல்லைப் பிறகு மாற்றியிருந்தாலும் இது மாறாது.

சரியான கடவுச்சொல்லைத்தான் போடுகிறேன், ஆனாலும் எடுக்கவில்லை என்கிறீர்களா? தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. உங்கள் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 இருந்து, அதுவே தேர்வாகியும் இருந்தால், நீங்கள் ஆங்கிலம் என்று நினைத்து அடிப்பது அத்தனையும் தமிழ் எழுத்தாக உள்ளே போகும். புள்ளியாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவே முடியாது. உள்நுழைவுத் திரையின் மூலையிலோ மேற்பட்டையிலோ மொழிக் குறியைப் பாருங்கள். பெட்டியின் ஓரத்தில் கண் படம் இருந்தால் அதைச் சொடுக்கி அடித்ததைப் பார்த்துக்கொள்ளலாம். நானே ஒருமுறை இதை அறியாமல், கடவுச்சொல் மறந்துவிட்டது என்று முடிவுகட்டி அரைநாள் வீணாக்கியிருக்கிறேன்.

சாவிக்கொத்து ஏன் திடீரென்று கேட்கிறது?

வழக்கமாக நீங்கள் உள்நுழையும்போது அடிக்கும் கடவுச்சொல்லைக் கொண்டே சாவிக்கொத்தும் ஓசையில்லாமல் திறந்துகொள்ளும். இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. இந்த ஏற்பாடு மூன்று விதமாகக் கெடும்.

ஒன்று, தானாக உள்நுழையும் வசதி. நீங்கள் எதையும் அடிக்கவில்லை, ஆகவே சாவிக்கொத்தைத் திறக்கக் கணினியிடம் சொல் இல்லை. பிரவுசரைத் திறந்ததும் கேட்கும்.

இரண்டு, கைரேகையால் உள்நுழைவது. இதுவும் அதே கதைதான். விரல் ரேகை நீங்கள்தான் என்று சான்று சொல்லுமே தவிர, பெட்டகத்தைத் திறக்கும் சொல்லைத் தராது.

மூன்று, உள்நுழைவுக் கடவுச்சொல் மறந்துபோய் ரெகவரி மோடு வழியாகப் புதிது வைத்தது, அல்லது வேறொரு நிர்வாகி உங்களுக்காக மாற்றிக் கொடுத்தது. உள்நுழைவு புதிய சொல்லுக்கு மாறிவிட்டது; சாவிக்கொத்து இன்னும் பழைய சொல்லோடு இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய்ப் பழைய சொல்லையும் கொடுத்து முறையாக மாற்றியிருந்தால் சாவிக்கொத்தும் கூடவே மாறியிருக்கும்.

முதல் இரண்டுக்கும் மிக நேர்மையான தீர்வு, தானாக உள்நுழைவதை நிறுத்திவிட்டுக் கடவுச்சொல் அடித்து நுழைவது. உபுண்டுவில் அமைப்புகளின் பயனர் பகுதியிலும், மின்டில் “லாகின் விண்டோ” பகுதியிலும் இதை மாற்றலாம். வெளியே எடுத்துப்போகும் லேப்டாப் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். தொலைந்துபோனால் எடுத்தவர் கையில் மூடியைத் திறந்ததும் உங்கள் மின்னஞ்சல் விரிந்து கிடக்க வேண்டாமே.

வீட்டைவிட்டு வெளியே போகாத மேசைக் கணினி, கடவுச்சொல் அடிக்கவே வேண்டாம் என்கிறீர்கள். சரி. “பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்” என்ற செயலியைத் திறங்கள். மெனுவில் இல்லையென்றால் மென்பொருள் கடையில் சீஹார்ஸ் என்று தேடி நிறுவலாம், இரண்டும் ஒன்றேதான். இடப்பக்கம் “லாகின்” என்று ஒரு வரி இருக்கும். அதன் மேல் வலது பொத்தானைச் சொடுக்கி, கடவுச்சொல்லை மாற்று என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய சொல்லைக் கொடுங்கள். புதிய சொல் கேட்கும் இரண்டு இடங்களையும் காலியாக விட்டுத் தொடருங்கள். சேமித்த எல்லாம் பூட்டில்லாமல் வட்டில் இருக்கும் என்று எச்சரிக்கும். அது வெறும் சடங்கு எச்சரிக்கை இல்லை, உண்மையாகவே அப்படித்தான் இருக்கும். அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் தொடருங்கள்.

மூன்றாவது வகைக்கு, பெட்டி கேட்கும்போது பழைய கடவுச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். திறந்துவிட்டால், அதே செயலியில் அதே இடத்தில் சாவிக்கொத்தின் சொல்லை இப்போதைய உள்நுழைவுச் சொல்லாக மாற்றிவிடுங்கள். அதோடு தொல்லை தீர்ந்தது.

பழையது சுத்தமாக மறந்துவிட்டதா? அப்படியானால் அந்தப் பெட்டகத்தைத் திறக்க வழியில்லை. புதிதாகத்தான் தொடங்க வேண்டும். ஆனால் அழிக்காதீர்கள், பெயரை மாற்றுங்கள். உங்கள் ஹோம் கோப்புறையைத் திறந்து கன்ட்ரோல்-ஹெச் அழுத்தினால் மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும். புள்ளியில் தொடங்கும் “லோக்கல்”, அதற்குள் “ஷேர்”, அதற்குள் “கீரிங்ஸ்”. அங்கே லாகின் டாட் கீரிங் என்ற கோப்பின் பெயருக்குப் பின்னால் பழையது என்று புரியும்படி ஏதாவது சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி நுழையுங்கள். புதிய சாவிக்கொத்து உருவாகும். என்றைக்காவது பழைய சொல் நினைவுக்கு வந்தால் கோப்பின் பெயரைத் திருப்பி வைத்துத் திறந்துகொள்ளலாம்.

இதைச் செய்யும் முன் ஒன்றை யோசியுங்கள். குரோம், குரோமியம் பிரவுசர்கள் தாங்கள் சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டும் சாவியை இந்தக் கொத்தில்தான் வைத்திருக்கின்றன. கொத்து போனால் பிரவுசரில் சேமித்தவையும் படிக்க முடியாமல் போகும். கூகுள் கணக்கோடு ஒத்திசைத்திருந்தால் திரும்பி வந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் தன் சாவியைத் தானே வைத்திருக்கும், அதற்குப் பாதிப்பில்லை.

கேடிஇ டெஸ்க்டாப்பில் இதே வேலையைக் கேவாலட் செய்கிறது. அதைத் தானாகத் திறக்க வைக்க, பணப்பையின் (பெட்டகத்தை அது அப்படித்தான் அழைக்கிறது) பெயர் “கேடிஇவாலட்” என்றே இருக்க வேண்டும், சொல் உள்நுழைவுச் சொல்லாகவே இருக்க வேண்டும், உருவாக்கும்போது ஜிபிஜி முறையைத் தேர்ந்தெடுக்காமல் ப்ளோஃபிஷ் முறையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

வைஃபை சாவியைக் கொத்திலிருந்து வெளியே எடுப்பது

வைஃபை கடவுச்சொல்லை, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள் மூன்று விதமாக வைத்திருக்கும்: இந்தப் பயனருக்கு மட்டும், எல்லாப் பயனர்களுக்கும், ஒவ்வொரு முறையும் கேள். முதல் வகை சாவிக்கொத்துக்குள் போகும். கொத்து திறக்காவிட்டால் வைஃபையும் இல்லை. இரண்டாவது வகை கணினியின் பொது அமைப்புக் கோப்பில் போகும். நிர்வாகி மட்டும் படிக்கலாம், ஆனால் பூட்டு கிடையாது. வீட்டு வைஃபைக்கு இரண்டாவதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. நீங்கள் உள்நுழையும் முன்பே இணைப்பு வந்துவிடும். கல்லூரி, அலுவலகக் கணக்குகளை அப்படி வைக்க மாட்டேன், ஏனென்றால் அங்கே அது உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லாகவும் இருக்கலாம்.

மாற்ற: “அட்வான்ஸ்டு நெட்வொர்க் கான்ஃபிகரேஷன்” அல்லது “நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்” என்ற செயலியைத் திறந்து, உங்கள் வைஃபையின் மேல் இருமுறை சொடுக்கி, வைஃபை செக்யூரிட்டி தாவலுக்குப் போங்கள். கடவுச்சொல் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும். பலர் கண்ணில் அது படுவதே இல்லை. அதைச் சொடுக்கினால் மேலே சொன்ன விருப்பங்கள் விரியும்.

வைஃபையே காணோம் என்றால்

மேலே பார்த்தது பூட்டுப் பிரச்சினை. இனி, மெனுவில் வைஃபை என்ற வரியே இல்லை, அல்லது அடாப்டர் எதுவும் இல்லை என்று சொல்கிற நிலை.

விமானப் பயன்முறை தவறுதலாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினலில் ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல் என்று அடித்து என்டர் தட்டினால் ஒரு சிறு அட்டவணை வரும். வைஃபைக்கு நேராக “சாஃப்ட்” என்ற பத்தியில் பிளாக்டு என்றிருந்தால் மென்பொருள் அணைத்திருக்கிறது; விமானப் பயன்முறையை நிறுத்தினால் போதும். “ஹார்டு” பத்தியில் பிளாக்டு என்றிருந்தால், லேப்டாப்பின் பக்கவாட்டுச் சுவிட்ச் அல்லது மேல்வரிசையில் விமானப் படம் போட்ட விசை அணைத்திருக்கிறது. அந்த விசையை எஃப்என்-உடன் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

அடுத்து, முழுமையாக அணைப்பது. ரீஸ்டார்ட் இல்லை, ஷட் டவுன். சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து, பிறகு கணினியை மறுபடி இயக்குங்கள். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் வைத்திருப்பவர்கள், விண்டோஸில் “ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்” வசதியை அணைத்து வையுங்கள். அது உண்மையில் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் போவதால், சில வைஃபை அட்டைகளை லினக்ஸ் எழுப்ப முடியாத நிலையில் விட்டுவிடும்.

இதற்கும் மசியவில்லை என்றால், இருப்பதிலேயே மிகப் பயனுள்ள சோதனைக்கு வருவோம்: பழைய கர்னலில் (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) ஏறிப் பார்ப்பது. அப்டேட் புதிய கர்னலைக் கொண்டுவந்தாலும் பழையதை உடனே அழிப்பதில்லை. கணினி எழும்போது எஸ்கேப் விசையை ஓரிரு முறை தட்டுங்கள்; பழைய பயாஸ் வகைக் கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். எதில் ஏறுவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். “அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்” வரிக்குள் போனால் கர்னல்கள் எண்ணோடு வரிசையாக இருக்கும். மேலே இருப்பது புதியது. அதற்கடுத்த எண்ணில், ரெகவரி என்று எழுதாத வரியைத் தேர்ந்தெடுங்கள். எஸ்கேப்பை அளவுக்கு மீறித் தட்டினால் கறுப்புத் திரையில் “கிரப்” என்று நின்றுவிடும். பயப்பட வேண்டாம்; கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்தி மறுபடி தொடங்குங்கள்.

பழைய கர்னலில் வைஃபை வந்துவிட்டதா? அப்படியானால் அட்டை நன்றாக இருக்கிறது, ரவுட்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு புதிய கர்னலுக்கும் டிரைவருக்கும் இடையில். அங்கேயும் வரவில்லையா? புதிய கர்னலைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாம். ஐந்து நிமிடச் சோதனை, பல மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும். அவசர வேலை இருந்தால் பழைய கர்னலிலேயே உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுச் சாவகாசமாக மற்றதைப் பாருங்கள்; சில நாள் அதில் ஓட்டுவதால் ஒன்றும் குடி முழுகாது.

புதிய கர்னலில் மட்டும் ஏன் கெடுகிறது? உபுண்டு 24.04-ஐயே பாருங்கள். 2024 ஏப்ரலில் வந்தபோது 6.8 கர்னல். அதே பதிப்பின் டெஸ்க்டாப்பில் 2025-இல் 6.11, பிறகு 6.14 என்று கர்னல் ஏறியது. இன்டெல் அட்டைகள் பலவற்றின் டிரைவர் கர்னலோடு சேர்ந்தே வருவதால் இதனால் பெரும்பாலும் பாதிப்பில்லை. சில பிராட்காம் அட்டைகளும், வெளியே செருகும் சில ரியல்டெக் யுஎஸ்பி அடாப்டர்களும் கர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவரை நம்பியிருக்கின்றன. கர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அந்த டிரைவரைப் புதிதாகத் தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும். புதிய கர்னலுக்கு அந்தப் பழைய டிரைவர் ஒத்துவராவிட்டால் தொகுப்பு தோற்கும், வைஃபை போகும்.

உங்கள் அட்டை எது என்று தெரிய எல்-எஸ்-பி-சி-ஐ, ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, கே என்று அடியுங்கள். நீளமாக வரும் பட்டியலில் “நெட்வொர்க் கன்ட்ரோலர்” என்ற வரியைத் தேடுங்கள். அதன் கீழே “கர்னல் டிரைவர் இன் யூஸ்” என்று ஒரு வரி இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது. அந்த வரியே இல்லாவிட்டால் ஏறவில்லை. யுஎஸ்பி அடாப்டர் என்றால் எல்-எஸ்-யு-எஸ்-பி. வெளி டிரைவர்களின் நிலையை டி-கே-எம்-எஸ், இடைவெளி, ஸ்டேட்டஸ் என்று கேட்டால் சொல்லும். இப்போது ஓடும் கர்னல் எண்ணுக்கு நேராக “இன்ஸ்டால்டு” என்று இல்லையென்றால் காரணம் கையில் அகப்பட்டுவிட்டது.

போனின் டெதரிங்கை இயக்கிக்கொண்டு, உபுண்டுவில் “அடிஷனல் டிரைவர்ஸ்”, மின்டில் “டிரைவர் மேனேஜர்” திறங்கள். பரிந்துரைக்கும் வைஃபை டிரைவரைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். ஏற்கெனவே தேர்வாகி இருந்தால், பயன்படுத்த வேண்டாம் என்பதைப் போட்டு ஒருமுறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

எப்போதோ ஒரு வீடியோவைப் பார்த்து இணையத்திலிருந்து இறக்கித் தொகுத்த ரியல்டெக் டிரைவர் உங்களிடம் இருந்தால், அது இப்போது தேவையா என்று பாருங்கள். 8821சியு, 8822பியு போன்ற சில யுஎஸ்பி சில்லுகளுக்கு 6.2 கர்னலிலிருந்து உள்ளேயே ஆதரவு வந்துவிட்டது. பழைய வெளி டிரைவரை நீக்கினாலே வேலை செய்யக்கூடும்.

அப்டேட் நடக்கும்போது கரன்ட் போனதா, பாதியில் மூடினீர்களா? அப்படியென்றால் சுடோ, இடைவெளி, டி-பி-கே-ஜி, இடைவெளி, இரண்டு சிறுகோடு, அதையொட்டி “கான்ஃபிகர்” என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி, ஒரு சிறுகோடு, ஏ. பாதியில் நின்ற மென்பொருள் பொதிகளை அது முடித்து வைக்கும்.

டெபியன்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 2023-இல் வந்த டெபியன் 12 முதல், கட்டற்றதல்லாத ஃபர்ம்வேருக்கென்று (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) தனிப் பிரிவு உருவாக்கப்பட்டது. 11-இலிருந்து மேம்படுத்தியவர்கள் மென்பொருள் மூலப் பட்டியலில் அந்தப் பிரிவைத் தாங்களே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இன்டெல் வைஃபைக்கான ஃபர்ம்வேர் பழையதாகவே நின்றுவிடும்.

அந்த நீலத் திரை

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் வெளி டிரைவரை நிறுவினால், நடுவில் ஒரு கடவுச்சொல் உருவாக்கச் சொல்லும். குறைந்தது எட்டு எழுத்து வையுங்கள். இது ஒரே ஒருமுறை மட்டும் பயன்படும் சொல், துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை வந்து, ஏதாவது விசையை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி காத்திருக்கும். காபி எடுக்க எழுந்து போனீர்கள் என்றால் போச்சு. கணினி வழக்கம்போல் ஏறிவிடும், டிரைவர் ஏறாது.

ஒரு விசையை அழுத்தி, “என்ரோல் மோக்” என்பதைத் தேர்ந்தெடுத்து, தொடர்க, ஆம் என்று போய், எழுதி வைத்த சொல்லை அடித்து, ரீபூட் கொடுங்கள். அந்தத் திரை அமெரிக்க ஆங்கில விசைப்பலகையை மட்டுமே அறியும். ஆகவே சொல்லில் விசித்திரக் குறிகள் வேண்டாம், எழுத்தும் எண்ணும் போதும்.

தவறவிட்டவர்கள் உபுண்டுவிலும் மின்டிலும் சுடோ போட்டு, “அப்டேட்”, “செக்யூர்பூட்”, “பாலிசி” என்ற மூன்று ஆங்கிலச் சொற்களைச் சிறுகோட்டால் இணைத்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு, “என்ரோல்”, சிறுகோடு, “கீ” என்று சேர்த்து என்டர் தட்டினால் மறுபடி அந்த வாய்ப்பு கிடைக்கும். பயாஸில் போய் செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. வேலை செய்யும்தான். ஆனால் இரண்டு நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டு வாசற்கதவைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை.

சரியான சொல்லைப் போட்டும் மறுபடி மறுபடி கேட்டால்

வைஃபை பெயர் தெரிகிறது. சொல்லும் சரி, போனில் அதே சொல் வேலை செய்கிறது. லினக்ஸ் மட்டும் சில நொடி சுற்றிவிட்டு மறுபடி பெட்டியை நீட்டுகிறது. எரிச்சல் வருவது நியாயம்தான்.

நடப்பது என்னவென்றால், ரவுட்டரோடு கைகுலுக்கும் நேரத்தில் எந்தக் காரணத்தால் இணைப்பு அறுந்தாலும், கடவுச்சொல் தவறாக இருக்கலாம் என்று நெட்வொர்க்மேனேஜர் எண்ணிக்கொள்கிறது. “லாக்ஸ்” செயலியைத் திறந்தால், இணைக்கும்போது துண்டிக்கப்பட்டது, புதிய சாவி கேட்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதாவது பெட்டி வந்ததாலேயே உங்கள் சொல் தவறு என்று ஆகாது. பத்தாவது முறை அதே சொல்லை அடிப்பதில் பயனில்லை.

சேமித்த இணைப்பை “மறந்துவிடு” கொடுத்து நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். பழைய இணைப்பில் அடாப்டரின் பெயரோ முகவரியோ பதிந்திருந்து, அது மாறியிருந்தால் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையில் ரவுட்டர் இருந்தால் சில பழைய அட்டைகளும் டிரைவர்களும் குழம்புகின்றன. ரவுட்டர் பக்கத்தில் டபிள்யூபிஏ2 மட்டும் என்று மாற்றிச் சோதியுங்கள். ரவுட்டரைத் தொட முடியாத இடம் என்றால், வைஃபை செக்யூரிட்டி தாவலில் டபிள்யூபிஏ2 பெர்சனல் என்று நீங்களே தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

ரவுட்டரில் அனுமதித்த கருவிகள் மட்டும் இணையலாம் என்று மேக் முகவரிகளின் (ஒவ்வொரு வைஃபை அட்டைக்கும் உரிய அடையாள எண்) பட்டியல் வைத்திருக்கிறீர்களா? தங்கும் விடுதிகளிலும் கல்லூரிகளிலும் இது வழக்கம். 2024 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 40 முதல், தனியுரிமைக்காக ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தனி முகவரியை அது காட்டுகிறது. அதற்கு மாறிய மறுநாள் விடுதி வைஃபை உங்களை அந்நியராகப் பார்க்கும். இணைப்பின் அமைப்பில் அடையாளத் தாவலில், குளோன் செய்த முகவரி என்ற இடத்தில் நிரந்தர முகவரியைத் தேர்ந்தெடுங்கள்.

பயனர் பெயரும் சொல்லும் கேட்கும் கல்லூரி வைஃபை, எடுரோம் (பல்கலைக்கழகங்களின் பொது வைஃபை) போன்றவை வேறு ரகம். உபுண்டு 22.04-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க மென்பொருள் வந்தபோது, பழைய குறியாக்க முறையிலேயே நின்ற சர்வர்களோடு அது பேச மறுத்தது. சரியாக வேண்டியது சர்வர் பக்கம். உங்கள் கணினியின் பாதுகாப்பைத் தளர்த்தும் வித்தைகளை முயல்வதற்கு முன், வளாகத்தின் தொழில்நுட்பப் பிரிவிடம் லினக்ஸுக்கான நிறுவல் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இணைப்பு வருகிறது, ஆனால் நிமிடத்துக்கொருமுறை தொங்குகிறது என்றால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். உபுண்டுவிலும் மின்டிலும் இடிசி கோப்புறைக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப் டாட் டி என்ற இடத்தில், வைஃபை பவர்சேவ் என்று பெயர் கொண்ட கோப்பு ஒன்று இருக்கும். அதில் 3 என்ற எண்ணை 2 ஆக்கிச் சேமித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். நிர்வாகியாகத் திறந்தால்தான் சேமிக்க விடும்.

உதவி கேட்கும்போது

இத்தனைக்குப் பிறகும் நிற்கிறது என்றால் தெரிந்தவரிடம் கேளுங்கள், ஆனால் “வைஃபை வரல” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு. யு-என்-ஏ-எம்-இ, இடைவெளி, சிறுகோடு, ஆர் அடித்தால் வரும் கர்னல் எண். எல்எஸ்பிசிஐ காட்டிய அட்டையின் பெயர். பழைய கர்னலில் வருகிறதா இல்லையா. பெட்டியில் இருக்கும் வாக்கியம், எழுத்து மாறாமல். இந்த ஐந்தும் இருந்தால் பதில் சொல்பவர் உங்களிடம் ஐந்து கேள்வி திருப்பிக் கேட்க வேண்டியிருக்காது. மின்டில் “சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்” செயலி வன்பொருள் விவரத்தை ஒரே பொத்தானில் நகலெடுத்துத் தரும். படம் எடுத்து அனுப்பினால் ரவுட்டர் ஸ்டிக்கர் பின்னணியில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் முன் ஒரு பதிவு எடுத்து வைத்தால், எல்லாம் கைவிட்ட நாளில் முந்தைய நிலைக்கே திரும்பலாம். ஆன்லைன் தேர்வோ நேர்காணலோ இருக்கும் காலையில் கர்னல் அப்டேட்டைத் தொடாதீர்கள். சித்தி மகன் இப்போது தானாக உள்நுழைவதை எடுத்துவிட்டான். ஆனால் மூடியை மூடி வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. வாரம் ஒருமுறையாவது அணைத்து ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.